ஏழாவது கொக்கி

நவம்பர் 12, செவ்வாய்.

இன்றைய தவறு: மேஸ்திரிக்கான இரண்டு நிமிட மௌன அஞ்சலியை ஒரு நிமிடத்திலேயே முடித்துவிட்டேன்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தலை குனிந்து நிற்கிறவள் கடிகாரம் பார்ப்பது தெரிந்தால் நன்றாக இருக்காதே என்று மணிக்கட்டைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டதில் முள் சரியாகத் தெரியவில்லை. "நன்றி, எல்லோரும் உட்காரலாம்" என்று சொல்லிவிட்டேன். பாதிப் பேர் கண்ணைத் திறக்கவே இல்லை. மீதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து, "மேடம் இன்னிக்கு ரொம்ப வேகம்ப்பா" என்று ஒரு குரல் வந்தது. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து என்னை யாரும் வேகம் என்று சொன்னதில்லை.

தவறில் தொடங்குவது என் பழக்கமல்ல, மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை. நிர்வாகப் பயிற்சி வகுப்பு. ஒரு தொடக்கப் பள்ளியின் அறையில் நடக்கிறது. பெஞ்சுகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானவை, முழங்கால் மேலே இடிக்கும். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், முதலில் அன்றைக்குச் செய்த ஒரு சின்னத் தவறு, பிறகு அது ஏன் நடந்தது, கடைசியில் நாளைய வேலை என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். "பெருசா ஆரம்பிச்சா பொய் வந்துடும். சின்னதா ஆரம்பிங்க, மத்தது தானா வரும்" என்பார். எழுதியதை அவர் படிப்பதில்லை. பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஓரத்தில் ஒரு டிக் போடுவார். படித்தால் நாங்கள் அவருக்காக எழுதத் தொடங்கிவிடுவோமாம். புத்திசாலியான பெண்மணி.

பகலில் நான் மாவட்டப் பொதுப்பணித் துறையின் பொறுப்புத் தலைவர். சாலை, சாக்கடை, பாலம், தெருவிளக்கு எல்லாம் எங்களுடையவை. மாவட்டத்தில் எங்கே ஒரு பள்ளம் விழுந்தாலும் அது என் பள்ளம்.

நாளைக் காலை, சுரங்கப்பாதைப் பம்பை ஓட்டுகிற பம்ப் அண்ணன்மேல் விசாரணை. குழாய்க்குள் ஆள் இருக்கும்போது பம்பை ஓட்டி மேஸ்திரியின் சாவுக்குக் காரணமானார் என்பது குற்றச்சாட்டு. உறுதியானால் அவருக்கு வேலை போகும். துறைக் குடியிருப்பில் இருக்கும் வீடு போகும். பிறகு போலீஸ். விசாரிக்கப் போவது நான். துறைத் தலைவர்தான் விசாரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியது நானல்ல.

அதனால் நடந்ததை எல்லாம் இன்றைக்கு ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். கேள்வி கேட்கப் போகிறவளுக்கு விடை தெரிந்திருப்பது நல்லது.

தலைவர் நாற்காலிக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. பழையவர் ஓய்வு பெற்றார். அவருக்கு அடுத்தவர் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்விட்டார். அதற்கும் அடுத்தவர் நெஞ்சுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது நான். முதல் நாள் மேஸ்திரி என் அறைக்குள் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் சாய்வு பார்க்கிற ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார், பம்ப் அண்ணன் அவரையே ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார். எதைப் பார்த்தாலும் அதன்மேல் மட்டத்தை வைத்துக் காட்டி வேடிக்கை பண்ணுவார். டீக்கடை மேசை, தபால்காரர் சைக்கிள் சீட், ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த காவல்காரரின் வயிறு. அன்றைக்கு என் நாற்காலியின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"சாய்ஞ்சிருக்கு பாப்பா. பரவாயில்ல, ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சக்கரை. தித்திப்பா இருந்தா சரி."

வாசலில் நின்ற ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மோசமானவர் இல்லை. அவருக்குச் சிரிப்பு வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு முடிவெடுக்க வராது. இதை மறைத்துப் பயனில்லை. "இவ துணி எடுக்கப் போனா கடைக்காரன் கடைய மூடிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுவான்" என்று அம்மா சொல்வாள். வந்த புதிதில் ஒரு தெருவிளக்குப் புகார் வந்தது. ஒரு வீட்டுக்காரருக்கு அதன் வெளிச்சம் படுக்கையறையில் விழுகிறது, எடுக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரருக்கு அது இல்லாவிட்டால் பூட்டில் சாவி நுழையாது, இருக்க வேண்டும். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். நான் அந்தத் தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போய் நின்று, நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் விளக்கே ஃப்யூஸ் போய் என்னைக் காப்பாற்றியது. கோப்பில் எல்லாம் "பார்க்கலாம்" என்றே எழுதி அனுப்புவேன். மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் நான் துறை முழுக்க 'பார்க்கலாம் மேடம்' ஆகிவிட்டேன். ஜல்லி கொண்டுவரும் லாரிக்காரர்கள்கூட வாசலில், "பார்க்கலாம் மேடம் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் என் பதவிப் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதற்காகத்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே 'ஒரு நிமிட முடிவு' என்று ஒரு பயிற்சி உண்டு. தினமும் ஏதாவது ஒன்றில் ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். எடுத்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. தப்பான முடிவுகூட முடிவே இல்லாததற்குத் தேவலை என்பது ஆசிரியையின் கட்சி. என் பக்கத்து பெஞ்சுக்காரர் பேக்கரி வைத்திருக்கிறார். முதல் வாரமே ஒரு நிமிடத்தில் தன் கேக்கிலிருந்து உலர்திராட்சையை நீக்கிவிட்டு வந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். நான் ஒரு மாதம் கழித்து, காப்பியை விட்டுவிட்டு டீ குடிப்பது என்று முடிவெடுத்தேன். மறுநாள் காப்பிதான் குடித்தேன்.

இப்போது வில்லையைப் பற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

ரயில் பாதைக்கு அடியில் எங்கள் சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் அதன் அடியில் தண்ணீர் தேங்கும். பக்கத்திலேயே பம்ப் அறை. பம்ப் அந்தத் தண்ணீரை இழுத்து, சாலைக்கு அடியில் போகும் ஒரு பெரிய குழாய் வழியாக ஆற்றில் தள்ளும். ஆள் குனிந்து நடக்கலாம், அவ்வளவு பெரிய குழாய். அதில் குப்பை அடைத்துக்கொண்டால் யாராவது குழி வழியாக இறங்கி எடுப்பார்கள். ஆள் உள்ளே இருக்கும்போது பம்ப் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே எங்களிடம் ஒரு வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை வில்லை. பம்பின் பொத்தானுக்குப் பக்கத்தில் கொக்கிகள் அடித்த பலகை. இறங்குகிறவர் முதலில் தன் கொக்கியில் வில்லையை மாட்டுவார், கீழே இருக்கும் தட்டில் போனை வைப்பார், பிறகுதான் குழிக்குப் போவார். ஒரு வில்லை தொங்கினால்கூடப் பம்ப் ஓடக்கூடாது. மாட்டியவரேதான் அதைக் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, தலைவரும் கூடத்தான். அப்படி ஒரு வரி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அடுத்தவர் பிரஷ்ஷை எடுத்துப் பல் துலக்கக்கூடாது என்று யாரும் சட்டம் போடுவதில்லை அல்லவா, அது மாதிரி.

கொத்தனார் ஒருவர் தன் கல்யாணத்துக்கு முந்தைய நாள் வில்லையைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் நல்ல மழை. பம்ப் அண்ணன் ஓட்ட மறுத்துவிட்டார். ஆள் வெளியே வந்து, குளித்து, கல்யாணக் கோலத்தில் நிற்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் வில்லை தொங்குகிறதே. கடைசியில் மாப்பிள்ளையே ஜரிகைச் சட்டையோடு முழங்கால்வரை தண்ணீரில் நடந்து வந்து கழற்றிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் பெயரே மாப்பிள்ளை. இப்போது இரண்டு குழந்தைகள், இன்னும் மாப்பிள்ளைதான்.

பம்ப் அண்ணனுக்குக் கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு கொக்கியையும் விரலால் தடவிப் பார்ப்பார். முதலிலிருந்து கடைசிவரை. மேஸ்திரியின் கொக்கி ஏழாவது.

போன வெள்ளிக்கிழமை அந்தச் சுரங்கப்பாதைக்குத் திறப்பு விழா. புதிதாகத் தளம் போட்டு, சுவருக்கு வண்ணம் பூசி, விளக்கு எல்லாம் மாற்றியிருந்தோம். மாவட்ட மன்றத் தலைவர் வந்து நாடாவை வெட்ட வேண்டும். விழா நன்றாக நடந்தால் என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'பொறுப்பு' போய்விடும் என்று அவருடைய செயலாளர் சொல்லியிருந்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு மழை பிடித்தது. பாதையின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் கணுக்கால்.

பம்பை ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் இறங்கவே இல்லை. நிறுத்திவிட்டோம். மேஸ்திரி என்னிடம் வந்தார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். செயலாளரும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, பெயிண்டுக்காரங்க விட்டுட்டுப் போன பலகை ஏதோ உள்ள சிக்கியிருக்கு. இப்ப இறங்கி எடுத்துடவா, இல்ல விழா முடியட்டுமா?"

இரண்டு பக்கமும் யோசித்தேன். இப்போது இறங்கினால் மன்றத் தலைவர் வரும் நேரத்துக்குள் ஏறிவிடுவாரா என்பது சந்தேகம். பிறகு இறங்கலாம் என்றால் தலைவர் தண்ணீரில் நிற்க வேண்டும். அவர் எப்போதும் வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறவர். யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் வாய், "பார்க்கலாம்" என்றது.

மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மதில்மேல பூனைகூட ஒரு நாள் ஏதோ ஒரு பக்கம் குதிக்கும் பாப்பா. நீ இன்னும் மதில அளந்துக்கிட்டு இருக்க."

செயலாளர் கோப்பால் வாயை மூடிக்கொண்டார். கோப்பு ஆடியது.

மேஸ்திரி பம்ப் அறைக்குப் போய் வில்லையை மாட்டினார், போனைத் தட்டில் வைத்தார், டார்ச்சை எடுத்துக்கொண்டார். "பத்தே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். மாப்பிள்ளை குழி வாயில் நின்றார். உள்ளே ஒருவர் இருந்தால் வாயில் ஒருவர் நின்று, விட்டு விட்டுக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். உள்ளிருந்து பதில் வந்துகொண்டே இருக்கும். அதுவும் எங்கள் வழக்கம்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. இதை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

பிறகு நடந்தது, அறிக்கையில் உள்ளபடி: நான் பம்ப் அறைக்குள் போனேன். அங்கே யாரும் இல்லை. ஏழாவது கொக்கியில் வில்லை இருந்ததா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை. பம்ப் அண்ணன் வந்தார். பம்பை இயக்கினார்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அறிக்கைக்கு அது போதும். நாட்குறிப்புக்குப் போதாது. மறுபடி எழுதுகிறேன்.

வில்லை இருந்தது. கவனித்தேன். அவர் எப்போதோ ஏறிவிட்டு வில்லையை மறந்திருப்பார் என்று நினைத்தேன். மாப்பிள்ளை மறக்கவில்லையா, மேஸ்திரியும் மனிதர்தானே. அதனால் கழற்றினேன்.

இதுவும் சரியில்லை. வில்லையை மறக்கிறவர்கள் உண்டு. போனை மறந்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. போன் தட்டில் இருந்தது. எப்படித் தெரியும் என்றால், அது அடித்தது. திரையில் 'வீடு' என்று வந்தது. எடுத்தேன்.

"என்னங்க, குடை எடுக்காம போயிட்டீங்க, மழை இப்படிக் கொட்டுது" என்றது ஒரு பெண் குரல்.

"நான் ஆபீஸ்ல மேடம் பேசறேம்மா. அவர் கீழ குழாய்ல இருக்கார்."

"இந்த மழையிலயா?"

"பத்து நிமிஷம்தாம்மா. ஏறினதும் பேசச் சொல்றேன்."

"சாப்பாடு ஆறுதுன்னு சொல்லும்மா. பேச்சு வாங்கிட்டுத்தான் சாப்பிடுவார், அது தெரியும். சரி, நீ பக்கத்துல இருக்கல்ல, அது போதும்."

பேசத் தெரிந்த அம்மாள். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று அவர் வீட்டுக்குச் சொல்லிவிட்டு, அவர் அங்கே இல்லை என்று நான் நினைத்திருக்க முடியாது. ஆகவே மறந்திருப்பார் என்று நினைத்ததாக மேலே எழுதிய வரி தப்பு. அடித்துவிடலாம்தான். அடித்தல் திருத்தல் வேண்டாம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், இருக்கட்டும்.

போனை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது, நனைந்துவிடக்கூடாது என்று.

வெளியே வந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "நாடா வெட்டக் கத்திரிக்கோல் கொண்டுவரல. ஆபீஸ்ல என் மேசையில இருக்கும். ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க."

"மேடம், மேஸ்திரி உள்ள இருக்காரு."

"நான் நிக்கறேன்."

அவர் ஓடினார். நல்ல பையன், எதையும் இரண்டாவது தடவை சொல்ல வைக்க மாட்டார். கத்திரிக்கோல் என் கைப்பையில்தான் இருந்தது. காலையிலேயே ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்து வைத்திருந்தேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை, அம்மாவைக் கேட்டால் சொல்வாள்.

அவரை அனுப்பியது வில்லையைக் கழற்றுவதற்கு முன்பா, பின்பா என்று இன்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். முன்புதான். கழற்றிய பிறகு அனுப்பியிருந்தால் பதற்றத்தில் செய்தது என்று சொல்லலாம். முன்பு என்பதால் அப்படிச் சொல்ல முடியவில்லை. விவரங்களில் நேர்மையாக இருக்க வேண்டும்.

குழி வாயில் கொஞ்சம் நின்றேன். உள்ளேயிருந்து, "மாப்ள, கிடைச்சிடுச்சுடா, பலகைதான்" என்று குரல் வந்தது. எதிரொலியோடு, சந்தோஷமாக இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. நான் மாப்பிள்ளை இல்லையே.

செயலாளர் சாலை ஓரத்திலிருந்து கையை ஆட்டினார். தலைவரின் கார் சிக்னல் தாண்டிவிட்டது. நான் பம்ப் அறைக்குத் திரும்பினேன். வகுப்பில் சொன்னபடி நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக அந்த இடத்தில்தான் எனக்கு இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்: இப்படியும் நியாயம், அப்படியும் நியாயம். அன்றைக்கு ஒரு பக்கம் வரவே இல்லை. அறை காலியாக, துடைத்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். தெருவிளக்குக் கோப்பில் ஒரு கையெழுத்துப் போட இதைவிட நேரம் எடுத்திருக்கிறேன்.

பம்ப் அண்ணன் பின்கட்டிலிருந்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கொக்கிகளைத் தடவினார். ஏழாவதில் விரல் நின்றது.

"ரசமட்டம் ஏறிட்டாராம்மா?"

"ஏறிட்டார்ண்ணே."

"அதுக்குள்ளயா. பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

தண்ணீர் மடமடவென்று இறங்கியது. பலகையும் போய்விட்டது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நாளைக்கு யாராவது சொல்லலாம். உண்மைதான். தலைவர் காரிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருப்பார். ஆனால் எல்லோரும் சேர்ந்து என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

தலைவர் வெள்ளைச் செருப்பு நனையாமல் நடந்து வந்தார். கத்திரிக்கோல் என்று கை நீட்டினார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை மூச்சு வாங்க அலுவலகக் கத்திரிக்கோலோடு வந்து நின்று, என் கையைப் பார்த்து, "ரெண்டு இருந்தா நல்லதுதான் மேடம்" என்று சிரித்தார். பிறகு குழி வாய்க்குப் போய்க் குரல் கொடுத்தார். மறுபடி கொடுத்தார். தலைவர் அப்போதுதான் ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கியிருந்தார், அதனால் சத்தம் போட வேண்டாம் என்று நான் கையால் காட்டினேன். "இளைய தலைமை, மழையைப் பார்த்துத் தயங்காத தலைமை" என்றார் தலைவர். கைதட்டல் நன்றாகவே இருந்தது. செயலாளரும் தட்டினார்.

மேஸ்திரியை மறுநாள் காலையில் ஆற்றோரம் கண்டெடுத்தார்கள். வில்லையும் போனும் பம்ப் அறைத் தட்டில் கிடைத்தன. நான்தான் திரும்ப வைத்தேன். அடுத்தவர் பொருள் நமக்கு எதற்கு.

இன்று அஞ்சலிக் கூட்டம் முடிந்ததும் பம்ப் அண்ணன் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஏறிட்டார்னு நீங்க சொன்னது நமக்குள்ள இருக்கட்டும்."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"யாரோ உங்ககிட்ட தப்பாச் சொல்லியிருக்கான். அவனச் சொல்லிக் குத்தமில்ல. நீங்க புதுசு. முப்பது வருஷமா கொக்கியத் தடவறவன் நான், குழி வாய்க்குப் போய் ஒரு குரல் குடுத்திருக்கணும். குடுக்கல. வில்லை எப்படித் தட்டுக்குப் போச்சுன்னு மண்டைய உடைச்சுப் பார்த்துட்டேன். இந்தக் கண்ண வச்சுக்கிட்டு நானே தட்டி விட்டிருப்பேன் போல."

"அப்படியும் இருக்கலாம்ண்ணே" என்றேன்.

"இருக்கும். நாளைக்குக் கேட்டா நான்தான்னு சொல்லிடறேன். உங்க பேர இழுக்க மாட்டேன். உங்களுக்கு வயசிருக்கு, எம்பொண்ணு வயசு. ஒண்ணே ஒண்ணு. வேலை போனாப் போகட்டும், போலீஸ் கீலீஸ்னு போகாம, வீட்ட மட்டும் உடனே காலி பண்ணச் சொல்லாம பார்த்துக்கோங்கம்மா. வீட்டுக்காரி அந்த முருங்கை மரத்த வச்சு இப்பதான் காய் விடுது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரை இருக்கிற கண் எப்போதும் கொஞ்சம் கசியும். "ஆகட்டும்" என்றேன், தயங்காமல். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

மாலை வகுப்பில் இந்த வாரத்தின் ஒரு நிமிட முடிவை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். பேக்கரிக்காரர் உலர்திராட்சையை மறுபடி சேர்த்துவிட்டாராம். வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். என் முறை வந்தது. மழையில் நின்றுபோக இருந்த ஒரு விழாவை ஒரே முடிவில் நடத்திவிட்டேன், பிறகு திரும்பிப் பார்க்கவில்லை என்றேன். எல்லோரும் தட்டினார்கள். "முகமே மாறிடுச்சும்மா உனக்கு" என்றார் ஆசிரியை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வரும் வழியில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்தேன். முதலில் பார்த்ததையே. கடைக்காரர் இன்னும் நான்கு எடுத்துப் போட்டார், வேண்டாம் என்றுவிட்டேன்.

இனி மிச்சம் ஒன்றுதான். அதையும் எழுதிவிட்டால் பக்கம் நிரம்பிவிடும்.

மேஸ்திரி குழாய்க்குள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தேதான் வில்லையைக் கழற்றினேன். ஏறிவிட்டார் என்று பொய் சொன்னேன். பம்ப் அண்ணனின் விரல் அழுத்தியது, அழுத்த வைத்தது நான். இதைக் கொலை என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள், அந்தச் சொல்லோடு நான் சண்டை போடப் போவதில்லை. ஒன்றை மட்டும் அவர்கள் கவனிக்க வேண்டும். தெரியாமல் செய்திருந்தால் அது விபத்து. தெரிந்து செய்ததால்தான் அதற்கு முடிவு என்று பெயர்.

பம்ப் அண்ணனிடம் ஆகட்டும் என்று சொன்னேனே தவிர, போலீஸ் விஷயத்தை யோசித்துப் பார்த்தால் அது முடியாது என்று தெரிகிறது. பாதியில் விட்டால் பின்னால் யாராவது கிளறுவார்கள். அந்தக் குடியிருப்பு வீட்டுக்கும் மாப்பிள்ளை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்; வெள்ளிக்கிழமை குழி வாயில் நின்றவர் அவர், கொஞ்சம் மனம் குளிர்ந்து இருப்பது நல்லது. இந்த இரண்டையும் முடிவு செய்யச் சேர்த்து ஒரு நிமிடம் ஆனது.

நாளைய வேலை: காலை ஒன்பதரைக்குப் பணிநீக்க உத்தரவு, போலீஸ் புகார், வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பு மூன்றையும் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். பதினோரு மணிக்கு விசாரணை. பம்ப் அண்ணனுக்கு மூட்டுவலி. பெரியவரை நிற்க வைத்துக் கேட்பது மரியாதை இல்லை, முதுகு சாய்கிற மாதிரி ஒரு நாற்காலி போடச் சொல்ல வேண்டும்.